சீமான் ஆனந்தரங்கப் பிள்ளையவர்களும் சோழமண்டலக் கடலும்

தமிழ் நாட்டில் பெருவாழ்வு வாழ்ந்தோர் பலர். அவர்தம் புகழைப் புலவர் பாடினர். கல்லிலும் செம்பிலும் பிறர் பொறித்தனர். ஆயினும் ஒருவர் தம் காலத்து நிகழ்ச்சிகளைத் தாமே நாடோறும் எழுதிவைத்துச் செல்வது நம்மிடையே மிக அரிய செயலாகும். அவ்வரிய செயலை இருபத்தைந்தாண்டுக் காலம் இடைவிடாது செய்தவர் புதுச்சேரிச் சீமான் ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள். அவருடைய சரிதத்தை எழுதப் புகுந்தோரிற் பெரும்பாலோர் டூப்ளே துரையின் அரசியற் சூழ்ச்சிகளையும் நவாபுகளின் போர்களையுமே விரித்துரைத்து, பிள்ளையவர்களை அக்கதைகட்கு ஒரு சான்றாளராக மட்டும் நிறுத்திவிட்டனர். அவர் முதற்கண் ஒரு வணிகர். அவருடைய ஆக்கமும் கேடும் கடல்வழி வந்தவை. அதிலும் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட, பாய்க்கலத்துக்கு ஒரு நாள் வழியாகிய நம் செங்கற்பட்டுக் கரையோரக் கடலே அவருடைய வாழ்வைப் பலகாலும் திருப்பிவிட்டது. அதனை நம் இதழ் அன்பர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் கருத்து.

பிள்ளையவர்கள் 1709-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் ஆயர் குலத்திற் பிறந்தார். தந்தையார் திருவேங்கடப் பிள்ளை. அக்காலத்துச் சென்னை ஆங்கிலக் கும்பினியாரின் கோட்டையைச் சூழ்ந்து வளர்ந்துவந்த வாணிப நகரம். திருவேங்கடப் பிள்ளையின் மைத்துனர் நைனியப்ப பிள்ளை என்பார் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியாரிடம் தலைமைத் தரகராய்ப் பெருஞ் செல்வாக்குடன் விளங்கினார். அவர் விரும்பி அழைத்தமையால் திருவேங்கடப் பிள்ளை தம் மக்களுடன் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். சிறுவர் ஆனந்தரங்கர் பிறந்த ஊர் ஆங்கிலேயர் கொடியின்கீழும், வளர்ந்த ஊர் பிரெஞ்சுக்காரர் கொடியின்கீழும் இருந்தன. பின்னாளில் இவ்விரு கொடிகளும் ஒன்றையொன்று அழிக்க எழுந்தபோது, அவர் மனத்தே நேர்ந்த தடுமாற்றத்தை உணர விரும்புவோர் இதனை மறத்தலாகாது.

புதுச்சேரிக்கு வந்த சில காலத்துக்குள் அக்குடும்பத்தைப் பெருந்துன்பம் ஒன்று தாக்கிற்று. கவர்னர் எபேர் என்பார் நைனியப்ப பிள்ளைமேற் குற்றஞ்சாட்டி, 1716-ஆம் ஆண்டு அவரைப் பொது இடத்திற் சவுக்கால் அடிப்பித்துச் சிறையிலிட்டு, அவர் பொருளையும் பறிமுதல் செய்தார். மறு ஆண்டு நைனியப்பர் சிறையிலேயே இறந்தார். அவருடைய மைந்தர் குருவப்ப பிள்ளை சென்னைக்குத் தப்பியோடி, ஆங்கு நின்றும் கப்பலேறி இங்கிலாந்து சென்று, அதன்பின் பிரான்சு தேயத்தை அடைந்து, தம் தந்தையார்க்கு இழைக்கப்பட்ட அநீதியை எடுத்துரைத்தார். கும்பினியாரும் நைனியப்பர் குற்றமற்றவர் எனக் கண்டனர். குருவப்பர் ஆங்கே கிறித்து சமயம் புகுந்து, செவாலியர் என்னும் பட்டமும் பெற்று மீண்டு, தந்தையார் வகித்த பதவியையே ஏற்று, 1724-ஆம் ஆண்டு இறந்தார். இறந்தவர்க்கு நீதி கிடைத்தது எனினும் அது கடல் கடந்து வர ஆண்டுகள் சில ஆயின. துரைமாரின் தயவு எத்துணை நிலையற்றது என்பதை ஆனந்தரங்கர் பள்ளிப் பருவத்திலேயே தம் வீட்டில் வைத்துக் கற்றுக்கொண்டார்.

தந்தையார் 1726-ஆம் ஆண்டு காலமாயினர். பதினேழு வயது இளைஞரின் திறமையை அறிந்த கவர்னர் லெனுவார் என்பார் அவரைப் பரங்கிப்பேட்டையிலுள்ள கும்பினிப் பண்டசாலைக்குத் தலைவராக்கினார். அக்காலத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் இக்கரையை நாடி வந்தது பெரும்பாலும் துணிக்காக. நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்து, நெய்த துணியை வாங்கி, நீலந்தோய்த்து, வெளுத்து, மடித்து, தரம்பிரித்துக் கட்டிக் கப்பல் வருமுன் துறையிற் கொணர்ந்து சேர்த்தல் வேண்டும். கப்பல் வந்தபின் துணி ஆயத்தமாக இல்லையேல் அவ்வாண்டுப் பருவம் தவறும். துணி ஆயத்தமாய்க் கிடந்து கப்பல் வாராதேல், கொடுத்த முன்பணம் முழுதும் வட்டியை விழுங்கிக் கிடக்கும். இத்தொழிலில் ஆனந்தரங்கர் விரைவிலே தேர்ந்தார். தம் சொந்தப் பொருளைக் கொண்டு ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் வாணிப நிலையங்கள் நிறுவி, ஐரோப்பியச் சரக்குகளை உள்நாட்டிற் கொண்டு சென்று விற்பித்தார். நாளடைவில் ஆனந்தப்புரவி என்னும் பெயரிய கப்பல் ஒன்றும் அவர்க்கு உரியதாயிற்று. அது புதுச்சேரிக்கும் கொழும்புக்கும் சென்றுவந்து வாணிபம் புரிந்தது. கலத்தைக் குதிரையாக உருவகித்து இட்ட அப்பெயரிலே தமிழ்ச் சுவை இருத்தலை அன்பர்கள் நோக்குவாராக.

1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6-ஆம் நாள் அவர் தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். அந்நாளில் கவர்னராயிருந்தவர் டூமா என்பார். பிள்ளையவர்கள் நாடோறும் கவர்னர் மாளிகைக்குச் சென்று மீண்டு, பாக்குக் கிடங்கு எனப்பட்ட தம் அலுவலிடத்தில் அமர்ந்து, வருவோர் போவோர் வாயிலாகச் செய்தி கேட்டறிவார். நாட்குறிப்பிற் கப்பற் செய்தி பெரும்பங்கு பெறுகின்றது. எந்நாழிகையில் எத்திசையிற் பாய் தென்பட்டது, கொடி எந்நாட்டினது, அது எத்தனை வேட்டுச் சுட்டது, கோட்டையிலிருந்து எத்தனை வேட்டு மறுமொழியாகச் சுடப்பட்டது, கரைக்கு முதற்படகில் இறங்கியவர் யாவர், கொண்டுவந்த பணப்பெட்டிகள் எத்தனை என்பன போன்றவற்றை அவர் தவறாது குறித்துள்ளார். படிப்போர் சிலர்க்கு இவை சலிப்பூட்டும். அவர்க்கோ ஒவ்வொரு பாயும் ஒரு கணக்கைத் தீர்க்க வருவதாயிருந்தது. தொடுவானத்தில் தோன்றும் வெண்புள்ளி நட்புக் கலமாயின் நெசவாளர்க்குக் கூலி உண்டு, பகைக் கலமாயின் ஊருக்கே உலை இல்லை. வேட்டுக்களின் தொகையை எண்ணியது வீண் பொழுதுபோக்கன்று.

அந்நூலின் தமிழைப் பற்றி ஒரு சொல். இலக்கணங் கற்பிக்கும் தொழிலினேனாகிய எனக்கு அது முதலில் இடர்ப்பாடாகவே தோன்றிற்று. பேச்சுவழக்கும், பாரசீகச் சொல்லும், பரங்கிச் சொல்லும், பிரெஞ்சுப் பெயர்களும் விரவி, ஒரு வாக்கியம் முற்றுப் பெறுதற்குள் பக்கம் முற்றுப் பெறும். ஆயினும் இரண்டு நூற்றாண்டுக்கு முற்பட்ட புதுச்சேரிக் கடைவீதியின் பேச்சு நம் செவியில் விழுதற்கு அதனினும் சிறந்த கருவி யாதுளது? பண்டிதர் திருத்தி எழுதியிருப்பின் அஃது இந்நேரம் செத்த நடையாகியிருக்கும்.

இனி, மேலே குறித்த ஒரு நாட் கடல்வழியைச் சிறிது கூறுவேன். புதுச்சேரியினின்று சென்னைக்குக் கடல்வழி ஏறக்குறைய 85 மைல். வைகாசி முதற் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவமாதலின் காற்றும் நீரோட்டமும் வடக்கு நோக்கிச் செல்வாரையே ஆதரிக்கும். நள்ளிரவுக்குப்பின் கரைக்காற்று வீசத் தொடங்கியதும் நங்கூரம் எடுத்துப் பாய் விரித்த கலம், நாழிகை இரண்டரைக்கு ஐந்து மைல் ஓடினும், மறுநாள் மாலை சென்னைக் கடலில் நங்கூரம் பாய்ச்சும். கச்சான் நன்கு வீசுமாயின் அதற்கும் முன்னரே சேரும். ஐப்பசியில் வாடை எழுந்துவிட்டாலோ கதை வேறு. அதே வழியைக் கடத்தற்குக் கலம் குறுக்கும் நெடுக்கும் பலநாள் அலைய நேரும், புயலும் எதிர்ப்படும். ஆகையால் ஐப்பசி தொடங்குமுன் பெருங்கப்பல்கள் இக்கரையை விட்டு அகன்றுவிடுதல் மாலுமிகளின் வழக்கமாயிருந்தது.

இவ்வழிச் செல்லும் மீகாமனுக்குக் கரை காட்டும் அடையாளங்கள் சிலவே. மணற்கரையும் பனந்தோப்பும் யாண்டும் ஒன்றுபோலவே தோன்றும். காலாப்பேட்டை கழிந்து, உப்பளங்கள் நிறைந்த மரக்காணமும், அதன் வடக்கே கழிமுகத்தில் ஆலம்பரைக் கோட்டையும் கடந்தபின், பாலாற்றின் முகத்துவாரம் வரும். அதற்கு வடக்கே சதுரங்கப்பட்டினம். ஆங்கு ஒல்லாந்தர் கோட்டை கட்டி மெல்லிய துணி வாணிபம் நடத்தினர். உள்நாட்டில் திருக்கழுக்குன்றத்து மலை நீலமாய்த் தோன்றும். அடுத்து மாமல்லபுரம். அலைவாய்க் கோயிலைக் கண்டதும் சென்னைக்கு இன்னும் முப்பது மைலுக்குச் சிறிது மிகுதியே உளது என மாலுமி அறிவான். ஏழு கோயில் என்று ஐரோப்பிய மாலுமிகள் தம் படங்களிற் குறித்தது இவ்விடத்தையே. அருகே நீருட் பாறைகள் உண்மையின் கலங்கள் கரையை அணுகாது விலகியே செல்லும். பள்ளி மாணாக்கரை ஆங்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம், பல்லவர் சிற்பத்தை வியந்தபின் முகத்தைக் கடல்பால் திருப்பி, அவ்வழிச் சென்ற பாய்களையும் நினைக்குமாறு யான் சொல்வதுண்டு. மாமல்லபுரத்துக்கு வடக்கே, நம் கூடுவாஞ்சேரிக்குக் கிழக்கே ஏறத்தாழ 13 மைலில், கோவளம். ஆங்கு முன்னர் ஆஸ்டெண்டு கும்பினியார் பண்டசாலை வைத்திருந்தனர். பின்னர் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன்கான் காலத்தில் ஒரு கோட்டையும் எழுந்தது. அதன்பின் பரங்கிமலையும் சாந்தோம் கோயிலும் தென்பட, மாலை வெயிலில் ஜார்ஜ் கோட்டை வெண்மையாய்த் தோன்றும்.

சென்னை பெரிய துறை எனினும் அந்நாளில் அதற்குத் துறைமுகம் என்பதே இல்லை. 1876-ஆம் ஆண்டில் தொடங்கிக் கற்சுவர் கட்டிய பின்னரே கப்பல்களுக்குப் புகலிடம் உண்டாயிற்று. அதற்கு முன் கலங்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலில் நங்கூரமிட்டு அசைந்துகொண்டு நிற்கும். ஐரோப்பாவினின்று வந்த பெருங்கப்பல்களும், மணிலா, அச்சை, பெகு முதலிய இடங்கட்குச் செல்லும் வாணிபக் கலங்களும், ஊர்த் தோணிகளும் ஆங்கே செறிந்து நிற்கும். கரையில் மூன்று வரிசையாய் மடிந்து விழும் அலையைக் கடக்க ஐரோப்பியரின் படகுகள் உதவா. ஆணி ஒன்றும் இன்றிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகே அதற்கு உரியது. அலை அறைந்தால் நெகிழ்ந்து கொடுக்குமேயன்றிப் பிளவாது. புதுச்சேரியில் இதனைச் சலங்கு என்பர். அலை மிக்க நாளில் கடிதத்தைத் தலைப்பாகையுள் வைத்துக் கட்டிக்கொண்டு கட்டுமரத்திற் செல்வோரும் உண்டு. கும்பினிகளின் பெருஞ்செல்வம் முழுதும் நம் கடற்கரை மக்களின் தோள்வலியால் கரையேறியது என்பதனைச் சரித்திர ஆசிரியர்கள் போதிய அளவு கூறினாரல்லர்.

இக்கடல்வழி ஆனந்தரங்கர் வாழ்விற் பெருந்திருப்பம் விளைத்தது 1746-ஆம் ஆண்டில். அவ்வாண்டு பிப்ரவரியில் புதுச்சேரித் தலைமைத் துபாசி கனகராய முதலியார் காலமானார். அவ்வேலையின் பெரும்பாகம் பிள்ளையவர்களைச் சார்ந்தது. ஐரோப்பாவில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டிருந்தது. சூலை மாதத்தில் லபூர்தொனே என்னும் கப்பற்படைத் தலைவர் ஆங்கிலக் கப்பல்களோடு பொருதபின் புதுச்சேரியை அடைந்தார். அவர்க்கும் கவர்னர் டூப்ளேவுக்கும் முதல்நாள் தொட்டே மனம் ஒவ்வவில்லை. யார் பெரியவர் என்னும் வழக்கிலேயே இரண்டு திங்கள் கழிந்தன. செப்டம்பர் நடுவில் அப்படை பாயெடுத்துச் சென்னை நோக்கிப் புறப்பட்டது. பின்காற்று வீசியது, மேலே கூறிய கரையடையாளங்களையெல்லாம் ஒவ்வொன்றாய்க் கடந்து திருவல்லிக்கேணிக்கு அணித்தே படைஞரை இறக்கிற்று. சென்னைக் கோட்டை நெடிது எதிர்த்து நிற்கவில்லை. செப்டம்பர் 21-ஆம் நாள் சரணடைந்தது.

புதுச்சேரியில் வேட்டும் விழாவுமாயிருந்தது. பிள்ளையவர்களும் அம்மகிழ்ச்சியிற் பங்கு கொண்டார். டூப்ளேவின் புகழைத் தம் குறிப்பில் நிறைய எழுதினார். பிறந்த நகரம் கொள்ளையிடப்படும்போது இவ்வாறு மகிழலாமோ என்று இக்காலத்தார் கேட்பர். அக்கேள்வி நேரியதே. ஆனால், சென்னை அவர்க்குப் பகைவன் கோட்டையும் போட்டி வணிகரின் சந்தையுமாக மாறி அப்போது முப்பதாண்டு ஆகியிருந்தது. மேலும் அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. லபூர்தொனே பதினொரு லட்சம் வராகன் மீட்புத்தொகை பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுக்க ஒப்பினார். டூப்ளே அதனை மறுத்தார். இருவரும் கடிதங்களாற் போரிட்டுக்கொண்டிருக்கையில், மாலுமிகள் அஞ்சி விலகும் ஐப்பசிப் பருவம் வந்துவிட்டது. அக்டோபர் 13-ஆம் நாள் இரவு சென்னைக் கடலிற் பெரும்புயல் எழுந்தது. கொள்ளைப் பொருளை ஏற்றிக்கொண்டு நின்ற கப்பல்கள் சில மூழ்கின. சில பாய்மரம் ஒடிந்து நீர் புகுந்து கிடந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒரே நாளில் வெற்றியைக் கொணர்ந்த கடல் ஒரே இரவில் அப்படையின் வலிமையை வாங்கிக்கொண்டது. இரு துரைமாரும் மனமொத்து நின்று, பருவம் முடியுமுன் கப்பல்களை அனுப்பியிருந்தால் பிரெஞ்சுக்காரர் கதையே வேறாயிருக்கும் என்பது என் துணிபு.

1747-ஆம் ஆண்டு ஆனந்தரங்கர் தலைமைத் துபாசியாயினார். டூப்ளேவின் மனைவியார் அவரை விரும்பவில்லை; அப்பதவி பிறிதொருவர்க்குச் சேர வேண்டுமென முயன்றார். அவ்வம்மையாரின் தலையீடு பிள்ளையவர்கட்கு நெடுநாள் முள்ளாய்த் தைத்தது. 1748-ஆம் ஆண்டு ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவேன் பெரும்படையுடன் வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். அம்முற்றுகைக் காலத்திலேதான் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சுக்காரரால் இடிக்கப்பட்டது. ஊர்த் தலைவராயிருந்தும் அதனைத் தடுக்க அவரால் இயலவில்லை. அந்நாளைய குறிப்பு துயரம் மிக்கது. தம் இனத்தார் ஒன்றுபட்டு நிற்கவில்லை என்னும் மனக்கசப்பும் அதன்கண் உளது. ஐப்பசி மழை பெய்யவே பாஸ்கவேன் முற்றுகையை விட்டு நீங்கினார். ஐரோப்பாவில் உடன்படிக்கை ஏற்பட்டதனால் 1749-ஆம் ஆண்டு சென்னை ஆங்கிலேயர்க்கே மீண்டது.

அவ்வாண்டிலேயே நம் செங்கற்பட்டுச் சீமை பிள்ளையவர்கள் சரிதத்தில் இடம் பெறுகின்றது. பிரெஞ்சுக்காரர் துணையால் மேம்பட்ட முசபர் ஜங் என்பார் ஆனந்தரங்கரை மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் ஆக்கி, செங்கற்பட்டுக் கோட்டைக்குத் தலைமையும் அச்சீமைக்கு ஜாகீர் உரிமையும் நல்கினார். பெரம்பூரிற் பிறந்த வணிகரின் மைந்தர், தாம் பிறந்த ஊருக்கும் வாழ்ந்த ஊருக்கும் நடுவிலுள்ள நாட்டுக்கே தலைவராயினார். பட்டங்களையும் மரியாதைகளையும் அவர் பெரிதும் விரும்பினார் என்பதை மறைத்தல் வேண்டா. பல்லக்கும் வாத்தியமும் பொற்பிடிப் பிரம்பும் தமக்கு அளிக்கப்பட்ட நாட்களை அவர் நுணுக்கமாய்க் குறித்துள்ளார். சோதிடர் கூறிய நற்பலன்களையும் விடவில்லை. புலவர்களும் அவரை நாடினர். தியாகராச தேசிகர் ஆனந்தரங்கன் கோவை பாடினார். சீனிவாச கவி வடமொழியில் ஆனந்தரங்க விசய சம்பு இயற்றினார். தெலுங்கிலும் அவர் பெயரால் யாப்பு நூல் ஒன்று எழுந்தது.

அவ்வுயர்வு நெடிது நிற்கவில்லை. 1751-ஆம் ஆண்டு முசபர் ஜங் கொல்லப்பட்டார். 1746-இல் சென்னை வீழ்ந்தபோது கும்பினியிற் சிறு கணக்கராயிருந்து தப்பியோடிய இளைஞர் ராபர்ட் கிளைவ், 1752-ஆம் ஆண்டு படையொடு வந்து முதலிற் கோவளத்தையும் அடுத்துச் செங்கற்பட்டையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். கோவளம் வீழ்ந்ததன் பொருள் யாதெனின், சென்னைக்குத் தெற்கே பிரெஞ்சுக் கலங்கள் ஒதுங்குதற்கு இருந்த இடம் போயிற்று; அதன் பின்னணியாயிருந்த செங்கற்பட்டும் போயிற்று என்பதே. 1754-ஆம் ஆண்டு சனவரியில் இரு கும்பினியாரின் தூதர்களும் நடுவிடமாகிய ஒல்லாந்தரின் சதுரங்கப்பட்டினத்திற் கூடிச் சமாதானம் பேசினர். யார் நவாப் என்பதில் உடன்பாடு ஏற்படாது பிரிந்தனர். அவ்வாண்டிலேயே டூப்ளே பதவி நீக்கப்பட்டுப் பிரான்சுக்குக் கப்பலேறினார். அவருடைய போர்களுக்காகத் திரட்டப்பட்ட பணத்தில் புதுச்சேரி வணிகர் பலருடைய பொருளும் முடங்கிற்று. அதன்பின் பிள்ளையவர்கள் உடல் நலிவுற்றார், குத்தகை நிலுவைகள் மிகுந்தன, பகைவர் பெருகினர். கவர்னர் லெரி 1756-ஆம் ஆண்டு அவரைப் பதவியினின்று நீக்கினார். நைனியப்பர்க்கு நேர்ந்தது போன்ற சவுக்கடியும் சிறையும் அவர்க்கு நேரவில்லை எனினும், வாயிலிற் காத்திருக்கும் நிலைமை நேர்ந்தது.

நாட்குறிப்பு மட்டும் நிற்கவில்லை. 1758-ஆம் ஆண்டு லாலி என்னும் படைத்தலைவர் பிரான்சினின்று வந்து சேர்ந்தார். போரில் வீரர், நாட்டு மக்களின் மனப்பான்மையும் வழக்கமும் அறியாதவர். அவ்வாண்டு திசம்பரில் தொடங்கி அவர் சென்னையை முற்றுகையிட்டார். கோட்டைச் சுவர் பிளந்தது. ஆயினும் 1759-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் ஆங்கிலக் கப்பல்கள் சென்னைக் கடலில் தோன்றின. மறுநாளே லாலி முற்றுகையை விட்டு நீங்கினார். தரையில் எத்துணை வெல்லினும் கடல்வழி மாற்றான் கையில் இருக்குமாயின் அவ்வெற்றி கைக்கு எட்டாது என்பது அன்று விளங்கிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் தாஷே என்னும் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் ஆங்கிலரோடு ஒரு கடற்போர் புரிந்து, புதுச்சேரிக்கு வந்து சிறிது பணமும் பொருளும் இறக்கிவிட்டு, ஊரார் எவ்வளவோ வேண்டியும் நில்லாது சென்றார். அவர் படை மீண்டும் இக்கரைக்கு வரவேயில்லை. புதுச்சேரிக்குச் சோறு கடல்வழி வரவேண்டிய காலத்தில் கடல் மூடப்பட்டது.

1760-ஆம் ஆண்டு சனவரியில் வந்தவாசிப் போரில் லாலி தோற்றார். ஆலம்பரையும் அவ்வாண்டே ஆங்கிலேயர் கைப்பட்டது. கரையோர ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் போக, இறுதியிற் புதுச்சேரி தனித்து நின்றது. ஆங்கிலக் கப்பல்கள் முன்னே நங்கூரமிட்டு நின்றன, தரைவழியும் அடைபட்டது. அரிசி அரிதாயிற்று. குடிகள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு இரு படைகட்கும் நடுவே பசியால் வாடினர். நோய்ப்பட்டிருந்த ஆனந்தரங்கர் வேட்டொலியை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அது வந்த கலத்தை வரவேற்கும் வேட்டன்று.

1761-ஆம் ஆண்டு பிறந்த இரவிற் பெரும்புயல் ஒன்று வீசிற்று. முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களிற் சில மூழ்கின. சில அரியாங்குப்பத்துக்குத் தெற்கே கரையில் மோதிச் சிதைந்தன. காலையிற் புதுச்சேரிக் கடல் வெறுமையாய்த் தோன்றிற்று. பதினான்கு ஆண்டுகட்கு முன் சென்னையில் பிரெஞ்சுக் கப்பல்களை அழித்த புயல் இம்முறை அவர் பகைவரை அழிக்க வந்ததென்றே ஊரார் எண்ணினர். அந்நாட்களில் எப்பக்கத்தினின்றேனும் உணவேற்றிய பிரெஞ்சுக் கலங்கள் சில வந்திருக்குமாயின் ஊர் பிழைத்திருக்கும். ஒன்றும் வரவில்லை. சில நாட்குள் ஆங்கிலக் கப்பல்கள் பழுது நீங்கி மீண்டும் வந்து அணிவகுத்தன. அச்சனவரியிலேயே, நகரம் பகைவர் கையிற் சேருதற்குச் சில நாள் முன்னர், ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் தம் ஐம்பத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தார். ஆனந்தப்புரவி போன்ற கலங்கள் நின்ற கடலில் அன்று நண்பரின் பாய் ஒன்றும் இல்லை.

வெற்றி பெற்ற ஆங்கிலேயர் புதுச்சேரியின் மதிலையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1763-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1765-இல் பிரெஞ்சுக்காரர் மீண்டபோது இடிபாடுகளையே கண்டனர். பிள்ளையவர்கள் இல்லம் எஞ்சிற்று. ரங்கப்பிள்ளை வீதி எனப் பெயர் வழங்கும் தெருவில், கீழே தமிழ்த் தூண்களும் மேலே பிரெஞ்சுப் பாங்குமாய் அஃது இன்றும் நிற்கின்றது. அவர்தம் தம்பியின் மைந்தர் நாட்குறிப்பைச் சில ஆண்டு தொடர்ந்து எழுதினார். பின்னர் அது வீட்டுச் சுவடிகளிடையே மறைந்து கிடந்தது. 1846-ஆம் ஆண்டு கலுவா மொம்பிரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டெடுத்தார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டனர். பிள்ளையவர்கள் எழுதிய தமிழே அச்சேறியது அதற்கும் பின்னர், 1948 முதல், புதுச்சேரியில்.